கம்பியைப் பிடித்து மலையேறுவது: டோலமைட்டில் முதல் வியா ஃபெராட்டா

வெனிஸ் விமான நிலையத்துக்கு மார்கோ போலோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். இலங்கையில் ஒரு செங்குத்து மலையில் இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றன, அவற்றைப் பற்றிக்கொண்டுதான் உச்சிக்கு ஏறுகிறார்கள் என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு சொல்லிவைத்தவர் அவர். நாம் சிவனொளிபாதமலை என்று சொல்லும் மலைதான் அது. அவர் பெயர் தாங்கிய விமான நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்து இரண்டரை மணி நேரம் வடக்கே போனால் கோர்ட்டினா தம்பெட்சோ என்ற மலை ஊர் வரும். அதைச் சுற்றி நிற்கும் டோலமைட் சிகரங்களில் அதே ஏற்பாட்டை இத்தாலியர்கள் செய்துவைத்திருக்கிறார்கள். சங்கிலிக்குப் பதில் எஃகு வடம், அவ்வளவுதான் வேறுபாடு.

வியா ஃபெராட்டா என்றால் இத்தாலிய மொழியில் இரும்புப் பாதை. பாறையில் சில மீட்டருக்கு ஒன்றாக முளை அடித்து, அவற்றின் வழியே எஃகு வடத்தை இழுத்துக் கட்டியிருப்பார்கள். கால் வைக்கப் பாறையில் பிடிமானம் இல்லாத இடத்தில் இரும்புப் படிகள், சில இடங்களில் ஏணி. இடுப்பில் ஒரு பட்டை, அதிலிருந்து இரண்டு கொக்கிகள், அந்தக் கொக்கிகள் வடத்தில். பாறையேற்றம் பழகாதவரும் பாறையேறிகள் மட்டுமே போகக்கூடிய இடத்துக்குப் போய்வர இது வழி செய்கிறது. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 19ஆம் நூற்றாண்டிலேயே இப்படிச் சில பாதைகள் இருந்தன. டோலமைட்டில் இவை பெருகியதற்குக் காரணம் போர். 1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரியா-ஹங்கேரியின் மீது போர் தொடுத்தபோது எல்லை இந்தச் சிகரங்களின் மேலேயே ஓடியது. சோறும் தோட்டாவும் மேலே போக வேண்டும் என்பதற்காகச் சிப்பாய்கள் அடித்த முளைகளும் கட்டிய ஏணிகளும்தான் பல பாதைகளுக்கு அடித்தளம்.

யாருக்கு ஒத்துவரும்

வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறி இறங்கி மறுநாள் வேலைக்குப் போனவர் என்றால் உடல் தகுதி பற்றிக் கவலை வேண்டாம். மற்றவர்கள் இரண்டு மாதம் முன்பிருந்தே மாடிப்படி ஏறி இறங்கலாம். இறங்குவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முழங்கால் கேட்கப்போவது அதைத்தான். இதய நோய், அடங்காத இரத்த அழுத்தம், வலிப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். உயரத்தைக் கண்டால் வயிறு கலங்குவது வேறு, தலை சுற்றி உடல் விறைத்துப்போவது வேறு. முதலாவது பெரும்பாலோருக்கு இருக்கிறது, அரை மணி நேரத்தில் பழகிவிடும். இரண்டாவது இருந்தால் இந்தப் பாதை உங்களுக்கு இல்லை.

மூச்சு பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையில் நாம் ஏறப்போகும் அவெராவ் சிகரத்தின் உயரம் 2,649 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டா 2,637. அங்கே காரில் போய் இறங்கி மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டபோது உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை அல்லவா? இங்கேயும் ஆகாது, கொஞ்சம் இளைக்கும்.

பருவம்: ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை. அதற்கு முன்னால் மேலே பனி கிடக்கும், வடம் அதற்குள் புதைந்திருக்கும்.

விசாவோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை

இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லோரும் ஒன்றை வாங்கிவிடுகிறோம். அதில் மலையேற்றம் அடங்குமா என்று யாரும் படித்துப் பார்ப்பதில்லை. சாகச விளையாட்டுகள் நீங்கலாக என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வரி இல்லாத காப்பீடாகவோ, மலை மீட்பையும் ஹெலிகாப்டரையும் பெயர் சொல்லிச் சேர்த்த காப்பீடாகவோ பார்த்து வாங்குங்கள். கோர்ட்டினா இருக்கும் வெனெட்டோ மாநிலத்தில், காயம் எதுவும் இல்லாமல் களைத்தோ பயந்தோ நின்றுவிட்டவரை ஹெலிகாப்டர் வந்து தூக்கினால் கட்டணம் அவர் தலையில்தான் விழும்.

வழிகாட்டியை அமர்த்துவது

இத்தாலியில் பிறரைக் கூலிக்கு வியா ஃபெராட்டாவில் அழைத்துப் போக மலை வழிகாட்டிக்கு மட்டுமே உரிமை உண்டு. 1989ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவர்களுடைய மொழியில் குயிதா ஆல்பினா. பன்னாட்டு மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் வட்ட வில்லை சட்டையில் இருக்கும். அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. நடைப் பயணங்களுக்கு மட்டும் அனுமதி பெற்ற வழிகாட்டிகளும் ஊரில் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான், ஆனால் வடம் தொடங்கும் இடத்தில் அவர்களுடைய உரிமை முடிந்துவிடுகிறது.

கோர்ட்டினாவில் வழிகாட்டிகளின் அலுவலகம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் போவதானால் சில வாரங்கள் முன்பே மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். தனியாக ஒருவரை அமர்த்தினால் ஒரு நாளுக்குப் பல நூறு யூரோ ஆகும். நான்கைந்து பேர் குழுவில் சேர்ந்தால் பங்கு குறையும். முதல் முறை போகிறவர் ஆறு பேருக்கு மேற்பட்ட குழுவில் சேராமல் இருப்பது நல்லது என்பது என் கட்சி. வரிசை நீண்டால் வழிகாட்டியின் கண் கடைசி ஆளிடம் எட்டாது.

அவரிடம் கேட்க வேண்டியவை நான்கு. குழுவில் எத்தனை பேர்? கருவிகள் கட்டணத்தில் அடங்குமா? கேபிள் கார் டிக்கெட் யாருடையது? வானிலை கெட்டால் பணம் என்ன ஆகும்? நீங்களாகச் சொல்ல வேண்டியவை அதைவிட முக்கியம்: வயது, எடை, பழைய முழங்கால் அடி, உயரத்தின் மீதான பயம். நம்மில் பலருக்கு எடையைச் சொல்லக் கூச்சம். இங்கே கூச்சப்படக் கூடாது, காரணம் அடுத்த பகுதியில்.

பாதைகளுக்குக் கடினத்தின் அளவு உண்டு. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் வழங்கும் முறையில் எளிதான ஏ முதல் கடினமான ஈ வரை. முதல் தடவைக்கு ஏ அல்லது பி. சி என்று யாராவது ஆசை காட்டினால் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு கொக்கிகள்

கருவிகளை விலைக்கு வாங்க வேண்டாம், கோர்ட்டினாவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஹெல்மெட், இடுப்புப் பட்டை, ஃபெராட்டா செட் என்று மூன்று. கையுறையை மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள், விரல் நுனி திறந்த தோல் உறையாக இருந்தால் போதும். வடத்தில் அறுந்த எஃகு இழை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளங்கை கிழிந்துவிடும்.

ஃபெராட்டா செட் என்பது ஒய் வடிவத்தில் இரண்டு நெகிழும் கைகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கொக்கி, அடியில் ஒரு சிறு பை. அந்தப் பைக்குள்தான் உயிர் இருக்கிறது. உள்ளே மடித்துத் தைத்த நாடா. விழும்போது தையல் ஒவ்வொன்றாகக் கிழிந்து விழுகையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும்.

இது ஏன் தேவை என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாகப் புரியும். நீங்கள் ஒரு முளையைத் தாண்டி நான்கு மீட்டர் மேலே போயிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கை நழுவுகிறது. கொக்கி வடத்தைப் பிடித்து நிறுத்தாது, வளையம் கம்பியில் வழுக்குவதுபோலச் சரசரவென்று இறங்கிக் கீழ் முளையில் போய் முட்டும்போதுதான் நிற்கும். அதற்குள் நீங்கள் ஐந்து மீட்டருக்குக் குறையாமல் விழுந்திருப்பீர்கள். அந்த வேகம் முழுவதையும் தாங்க இருப்பதோ ஒரு மீட்டர் நாடா. பாறையேறிகளின் கணக்கில் விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுப்பார்கள். கயிற்றில் ஏறுகிறவருக்கு அந்த எண் 2ஐத் தாண்டாது. இங்கே 5ஐத் தாண்டும். வெறும் நாடாவைக் கட்டிக்கொண்டு விழுந்தால் நாடா அறும், அல்லது இடுப்பு முறியும். தையல் பை இருப்பதால் உயிர் தப்பலாம். ஆனால் விழும் வழியில் இரும்புப் படியும் பாறை விளிம்பும் இருக்கின்றன, அவற்றுக்குத் தையல் பை கிடையாது. ஆகவே வியா ஃபெராட்டாவில் விழவே கூடாது. கயிற்றில் ஏறிப் பழகிய நண்பர் விழுந்து பார்த்தால் பயம் போய்விடும் என்று அறிவுரை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எடைக்கு வருகிறேன். தையலின் உறுதியை ஓர் எடை வரம்புக்குள் கணக்கிட்டுத்தான் தைக்கிறார்கள். ஈஎன் 958 என்ற ஐரோப்பியத் தர விதி இப்போது சொல்வது, உடல் எடை குறைந்தது 40 கிலோ, பை, உடை, காலணி எல்லாம் சேர்த்து அதிகம் 120 கிலோ. எடை குறைந்த சிறுவர் விழுந்தால் தையல் கிழியாமல் முழு அடியும் உடலில் இறங்கும். மிகக் கனத்தவர் விழுந்தால் எல்லாத் தையலும் கிழிந்த பிறகும் வேகம் மிஞ்சும். வரம்புக்கு வெளியே இருப்பவரை வழிகாட்டி மேலிருந்து தனிக் கயிறு போட்டுப் பிடித்துக்கொள்வார். அதற்காகத்தான் முன்கூட்டியே எடையைக் கேட்கிறார்.

மோதிரம், வளையல், தொங்கும் காதணி எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வையுங்கள். மோதிரம் முளையில் மாட்டி உடல் எடை அதில் இறங்கினால் விரலின் தோல் அப்படியே உரிந்து வந்துவிடும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உள்ளே போட்டுச் சட்டையைக் கழுத்துவரை மூடிக்கொள்ளலாம். நீண்ட பின்னலைச் சுருட்டிச் சட்டைக்குள் தள்ளிவிடுங்கள், கொக்கியின் வாயில் முடி சிக்குவது வேடிக்கை அல்ல. காலணி கணுக்காலை மூடி, அடிப்பாகம் விறைப்பாக இருக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், மழைச் சட்டை, ஒரு கம்பளி. கடலைமிட்டாய் கொண்டுபோயிருந்தால் வழிகாட்டியிடம் பாதியைக் கொடுங்கள், நட்பு அங்கேயே தொடங்கிவிடும்.

முதல் நாள்: மலைக்குள் இறங்குவது

முதல் நாளே சுவரில் தொங்க வேண்டியதில்லை. கோர்ட்டினாவிலிருந்து ஃபல்சாரேகோ கணவாய்க்குப் போங்கள். உயரம் 2,105 மீட்டர். அங்கிருந்து கேபிள் கார் சில நிமிடங்களில் லகட்சுவோய் மலைமேல், 2,752 மீட்டரில் கொண்டுவிடும். அங்கிருந்து மலையின் வயிற்றுக்குள்ளேயே நடந்து இறங்கலாம்.

போரில் ஆஸ்திரியர்கள் உச்சியைப் பிடித்து வைத்திருக்க, இத்தாலியச் சிப்பாய்கள் நடுப்பாறையில் ஒரு திண்ணை போன்ற விளிம்பில் இருந்தார்கள். மேலே ஏற முடியாததால் உள்ளே குடைந்து போனார்கள். சுமார் 1,100 மீட்டர் நீளச் சுரங்கம். 1917 ஜூன் 20 அன்று அதன் முனையில் வெடி வைத்துப் பாறையைத் தகர்த்தார்கள். அந்தச் சுரங்கத்தில் இன்று ஹெல்மெட்டும் தலைவிளக்கும் அணிந்து இறங்கலாம். ஈரமான, உயரம் ஒவ்வாத படிகள், பக்கத்தில் கைப்பிடியாக ஒரு வடம். சாளரம் போல வெட்டிய துளைகளில் அவ்வப்போது வெளிச்சம் வரும்.

முதல் நாளுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொக்கியை மாற்றும் வித்தையை ஆபத்தில்லாத வடத்தில் பழகலாம். எல்லோரும் கைப்பிடியாக மட்டும் பயன்படுத்தும் இந்த வடத்தில் வழிகாட்டி உங்களைக் கொக்கி மாட்டி நடக்கச் சொல்வார். வித்தை இதுதான்: இரண்டு கொக்கியும் வடத்தில் இருக்கும். முளை வந்ததும் நில்லுங்கள். ஒன்றைக் கழற்றி முளைக்கு அப்பால் மாட்டுங்கள். மாட்டியதா என்று இழுத்துப் பாருங்கள். பிறகுதான் இரண்டாவதை. இரண்டும் ஒரே நொடியில் கையில் இருக்கவே கூடாது. ஐம்பது முளை தாண்டும்போது கை தானாகச் செய்யும். நூறாவது முளையில்தான் கவனம் தப்பும், அந்த நேரத்தில் வாய்க்குள் எண்ணிக்கொண்டே மாட்டுவது எனக்கு உதவியது.

ஒரு தவறைப் பலர் செய்கிறார்கள். நடக்கும்போது கொக்கி இடிக்கிறதே என்று ஒன்றை வடத்தில் விட்டுவிட்டு மற்றதை இடுப்புப் பட்டையின் நடு வளையத்தில் மாட்டிக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் விழும்போது பாரம் தையல் பையைச் சுற்றிக்கொண்டு நேரே உங்கள் இடுப்புக்கு வந்துவிடும், தையல் கிழியாது. இரண்டும் வடத்தில் அல்லது இரண்டும் தோளில்.

இரண்டாம் நாள்: அவெராவ்

ஃபல்சாரேகோ சாலையில் பாய் தெ தோனெஸ் என்ற இடத்தில் நாற்காலி லிஃப்ட் ஏறினால் சின்க்வே டோரி பாறைகளின் காலடியில் இறக்கிவிடும். ஐந்து கோபுரங்கள் என்று பொருள். தூரத்திலிருந்து பார்க்க நம் ஊர்க் கோபுரங்களைவிட மொட்டையானவை. அரை மணி நடையில் அவெராவ் மலைவிடுதி. அங்கே கழிப்பறைக்குப் போய்விட்டுப் பட்டையைக் கட்டுங்கள். கட்டிய பிறகு நினைவுக்கு வந்தால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். இன்னும் கால்மணி நடந்தால் வடம் தொடங்குகிறது.

பாதை குட்டையானது, ஆனால் தொடக்கமே செங்குத்து. வழிகாட்டி உங்கள் பட்டையின் கொளுவியை இழுத்துப் பார்ப்பார். நீங்களும் பக்கத்து ஆளுடையதை இழுத்துப் பாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டு முளைகளுக்கு இடையே ஒருவர்தான் இருக்க வேண்டும். முன்னால் போகிறவர் அடுத்த முளையைத் தாண்டியதைப் பார்த்த பிறகே நீங்கள் அடி எடுத்துவைக்கிறீர்கள். அவர் விழுந்தால் உங்கள் தலைமேல் வந்து விழாமல் இருப்பதற்கு வேறு வழியில்லை.

ஏறுவது எப்படி? பனையேறியைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் கையால் தன்னை இழுத்துக்கொண்டு போவதில்லை. தளைநார் போட்ட கால்களால் உந்துகிறார், கைகள் மரத்தோடு உடலைச் சேர்த்துப் பிடிப்பதற்கு மட்டும். இங்கேயும் அதேதான். புதியவர்கள் வடத்தை ஊஞ்சல் கயிறுபோலப் பற்றி இழுத்து ஏறுவார்கள், பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். நடுவழியில் விரல் மடங்க மறுத்தது, கொக்கியின் வாயைத் திறக்கக்கூட முடியவில்லை. வழிகாட்டி கீழே பார்த்து, காலைப் பார், கையைப் பார்க்காதே என்றார். டோலமைட் பாறை சிறு சிறு விளிம்புகளாக உடைந்திருக்கும், கால் நுனி வைக்க ஏதாவது அகப்படும். இடுப்பைச் சுவருக்கு அருகே வைத்து, கையை நீட்டியபடியே, காலால் எழுந்திருங்கள். கை தளர்ந்தால் நடு வளையத்திலிருந்து வரும் குட்டை நாடாவை இரும்புப் படியிலோ முளையிலோ மாட்டிவிட்டு அதில் சாய்ந்து நில்லுங்கள். அது இளைப்பாற மட்டும். வடத்திலிருந்து கொக்கிகளைக் கழற்றாதீர்கள்.

கீழே பார்க்கலாமா? பார்க்கலாம், நின்ற பிறகு. மேலே யாராவது சாஸ்ஸோ என்று கத்தினால் மட்டும் அண்ணாந்து பார்க்காதீர்கள். கல் வருகிறது என்று பொருள். ஹெல்மெட்டைச் சுவரோடு ஒட்டி, தோளைக் குறுக்கி, பாறையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

செங்குத்து முடிந்ததும் சரளைக்கல் சரிவில் நடந்து உச்சிக்குப் போகலாம். வடமிருக்கும் இடத்தைவிட இங்கேதான் கால் வழுக்குகிறது, நீங்கள் மிதித்த கல் கீழே ஏறுகிறவரின் தலைக்குப் போகும். உச்சியில் தென்மேற்கே மர்மொலாடா, பனியாற்றோடு 3,343 மீட்டர், டோலமைட்டின் மிக உயர்ந்த சிகரம். வடக்கே டோஃபானா.

வானம் கறுத்தால்

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடி மழை வழக்கம். எஃகு வடம் மலை முழுவதும் போட்ட இடிதாங்கியைப் போன்றது, நீங்கள் அதோடு கட்டப்பட்டிருக்கிறீர்கள். அதனால் காலை ஏழு, எட்டு மணிக்கே கிளம்பி மதியத்துக்குள் வடத்தைவிட்டு வந்துவிடுவது முறை. வெனெட்டோ மாநில வானிலை அலுவலகம் டோலமைட்டுக்கெனத் தனி அறிக்கை வெளியிடுகிறது, வழிகாட்டி முந்தின மாலையும் காலையும் அதைப் பார்ப்பார். தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டதும் உச்சிக்கு இன்னும் இருபது நிமிடம்தான் என்ற நிலையில் அவர் திரும்பலாம் என்றால் வாதாடாதீர்கள். நீங்கள் பணம் கொடுப்பதில் பாதி, அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 112. ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கையையும் மேலே விரித்து ஒய் வடிவில் நிற்பது உதவி வேண்டும் என்பதற்கான அடையாளம். நம் பழக்கத்தில் கையாட்டிக்கொண்டிருந்தால் குழப்பமே மிஞ்சும்.

இறங்குவது

அவெராவில் இறங்கவும் அதே வடம்தான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எதிர்ப்படுவார்கள். அகலமான விளிம்பில் நின்று வழிவிடுங்கள். ஏறுகிறவரின் கொக்கியைத் தாண்டிப் போக வேண்டுமானால், ஒருவர் அசையாமல் நிற்க மற்றவர் ஒவ்வொரு கொக்கியாக மாற்றிக்கொண்டு கடக்க வேண்டும். செங்குத்தில் முகம் சுவரைப் பார்க்க, ஏணியில் இறங்குவதுபோல. நெடுநேரம் பிடித்தாலும் கீழே வரிசை நின்றாலும் அவசரப்படாதீர்கள். களைப்பும், வந்தாயிற்று என்ற நிம்மதியும் சேரும் நேரம் இது, வழிகாட்டிகள் இங்கேதான் திரும்பத் திரும்பப் பின்னால் பார்க்கிறார்கள்.

மலைவிடுதியில் பொலெந்தா கேளுங்கள். மக்காச்சோள மாவில் கிண்டிய களி, கேப்பைக் களி தின்று வளர்ந்தவருக்கு வீட்டு நினைவு வரும். அசைவம் சாப்பிடாதவர்கள் பாலாடைக்கட்டியோடும் காளானோடும் கேட்கலாம். காசுந்த்சியே என்ற கொழுக்கட்டை போன்ற ஒன்று, உள்ளே பீட்ரூட், மேலே உருகிய வெண்ணெயும் கசகசாவும், இந்த ஊரின் தனிச் சமையல். குழாய்த் தண்ணீரைக் கேட்காமல் குடிக்காதீர்கள், பல விடுதிகளில் அது குடிநீர் அல்ல. கொஞ்சம் ரொக்கப் பணம் பையில் இருக்கட்டும்.

மாலையில் கருவிகளைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போது தையல் பையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வழியில் கால் தவறி ஓர் அடி சறுக்கி நாடா சற்றே இழுபட்டிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். தையல் ஒரு முறை கிழிந்த செட்டை மறுபடி பயன்படுத்த முடியாது. நாளைக் காலையில் அதைக் கட்டிக்கொண்டு ஏறப்போவது வேறொருவர்.